இரண்டு பகுதி மிச்சமிருக்க மூடிய திரை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இசையைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் இது நடந்தது. அங்கே கூட்டுவது, சனம் உட்காரக் கதிரை அடுக்குவது, மேடைத் திரை இழுப்பது என் வேலை. பியானோ ரீச்சர் ஒருவரும் அவரிடம் இசை படித்த ஒரு பெண்ணும் மூன்று மாதமாகப் பின்னேரங்களில் வந்து பழகினார்கள். பெண் வெள்ளி நிறப் புல்லாங்குழல் ஊதுவாள். அவர்கள் பழகியது சொனாட்டா என்ற, இரண்டு வாத்தியமும் சேர்ந்து வாசிக்கும் இசை, மூன்று பகுதி, இந்தக் காலத்தில் எழுதியது, உலகமெல்லாம் விரும்பிக் கேட்பார்கள் என்று ரீச்சர் சொன்னார். இரண்டாம் பகுதி மெதுவாகப் போகும். அது தொடங்கினால் கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நிற்பேன்.

அந்தப் பெண் வெளிநாட்டு வேலைக்குப் போக இருந்தாள். வீட்டில் பியானோ இல்லை; அவளுடைய அம்மா குழலை மட்டும்தான் கேட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒருதரமாவது அவர் கேட்கட்டும் என்றே அந்த மண்டபத்தில் நடக்கவிருந்த கலைவிழாவில் வாசிக்கப் பெயர் கொடுத்தார்கள்.

விழாவன்று பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். வந்தும் போனில் கதைத்துக்கொண்டே இருந்தார். ரீச்சரும் பெண்ணும் வாசித்த முதற் பகுதி முடிய, இருவரும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார்கள். சனம் கைதட்டியது. விழாச் செயலாளர் பொன்னாடையும் கையுமாக என்னிடம் ஓடிவந்தார்.

"திரையை மூடும்!"

"சேர், இன்னும் ரெண்டு பகுதி இருக்கு."

"நீர் எப்ப சங்கீத வாத்தியார் ஆனனீர்? ஊதினது காணும், போதும். பிரதம விருந்தினருக்குத் தம்பலகாமத்தில இன்னொரு கூட்டம். மூடும் எண்டுறன்!"

பெண் குழலை மறுபடி உதட்டில் வைத்துவிட்டாள். நான் கயிற்றை இழுத்தேன்.

திரைக்கு முன்னால் விருந்தினருக்குப் பொன்னாடை, பிறகு அவருடைய அரைமணி நேரப் பேச்சு. அவசரமாம்! பேச அரைமணி இருந்தது, கேட்கப் பத்து நிமிடம் இல்லை. அடுத்த நடனத்துக்காகப் பியானோவை ஓரம் தள்ளச் சொன்னார்கள். அதையும் நான்தான் தள்ளினேன்.

பெண்ணின் அம்மா மேடைப் பக்கம் வந்தார். "இவ்வளவுதானா பிள்ளை? கெதியா முடிஞ்சிட்டுது."

"ஓம் அம்மா" என்றாள் அவள்.

"செயலாளர் சொன்னவர், நான் என்ன செய்ய ஏலும்?" என்றேன் ரீச்சரிடம்.

"அவர் இந்த இசையை ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் மூண்டு மாசம் கேட்டனீங்கள்" என்றார்.

செயலாளரை மன்னிக்க இன்றும் மனம் வரவில்லை. ஆனால் அவரைத் திட்டத் தொடங்கினால், பாதியில் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் வெளிநாடு போகவென்று கொழும்பு பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் மண்டபத்தைக் கூட்டினேன்.