நசீர் பாயை மூன்று தடவை ஏமாற்றிய ரிமோட்

துபாயில் இருபத்திரண்டு வருஷம் ஏசி ரிப்பேர் பார்த்த மனுஷன் நம்ம நசீருதீன். கொளுத்துற வெயிலில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி, நின்றுபோன மெஷினையெல்லாம் ஓடவைத்தவர். அப்பேர்ப்பட்டவரை ஒரு ரிமோட் படுத்தின பாடு இருக்கிறதே! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை.

பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கி ஊரோடு வந்தபோது அவருக்கு ஒரே ஆசைதான். மனைவி சித்திகாவோடு உட்கார்ந்து முழுசாக ஒரு படம் பார்க்கணும். லீவில் வருகிற நாற்பது நாளும் விருந்துக்கும் விசாரிப்புக்குமே சரியாகப் போயிடும். அதுக்கு நேரம் ஏது? அதனால் 2008இல் ஹாலில் பெரிய ஹோம் தியேட்டர் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட், தொட்டால் வேலை செய்கிற திரை, சார்ஜ் ஏற ஒரு ஸ்டாண்டு. அது இல்லாமல் எதுவும் அசையாது.

ரெண்டே நாளில், படம் பாதி ஓடும்போது ரிமோட் செத்தது. ஸ்டாண்டில் பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"செத்ததை எப்படிம்மா ரீஸ்டார்ட் பண்றது?"

"அப்போ மும்பைக்கு அனுப்புங்க சார்."

அனுப்பினார். ஒரு மாசம் கழித்து, 'குறை எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. ரெண்டு நாள் ஓடியது, மறுபடி செத்தது. மறுபடி மும்பை, மறுபடி அதே சீட்டு, மறுபடி அதே கதை. "அப்போ நான் பொய் சொல்றேனா? போங்கய்யா, நீங்களும் உங்க கம்பெனியும்!" என்று போனில் கத்தினதில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மூன்றாவது பார்சல். எப்போதும் இவர் வாரண்டி கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போவார், சித்திகா கட்டிவைப்பாள். அன்றைக்குக் கடை பூட்டியிருந்ததால் சீக்கிரமே திரும்பிவிட்டார். பார்த்தால், சித்திகா ரிமோட்டிலிருந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"பிளாஸ்டிக் கவருங்க. அவங்களுக்கு எதுக்கு இது? திரும்பி வந்ததும் போட்டு ஒட்டிடுவேன்."

எந்த வீட்டு ரிமோட்டுக்குத்தான் கவர் இல்லை? அதனால் அவர் கண்ணில் அது பட்டதே இல்லை. பிடுங்கி, வெறும் ரிமோட்டை ஸ்டாண்டில் வைத்தார். 'சார்ஜ் ஏறுகிறது' என்று திரை ஒளிர்ந்தது. கவர் இருந்தால் அடியில் உள்ள உலோகப் புள்ளிகள் ஸ்டாண்டைத் தொடவே தொடாது. ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். காலி ஸ்டாண்டிலும் அந்தப் பச்சை விளக்கு எரிந்தது. அட கம்பெனிக்காரா, உன் அறிவில் இடி விழ!

"ஏன்டி, உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க அனுப்புன எல்லாத்துக்கும் கவர் போட்டுத்தாங்க வச்சேன்," என்றாள் சித்திகா. "மிக்ஸி, டேப்ரெக்கார்டர், கடிகாரம் எல்லாம். நீங்க வந்து பாக்கிறப்போ புதுசா இருக்கணுமேன்னு. கை தன்னால அதுக்கே போகுது."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"அதான் வந்துட்டேனே, சித்திகா," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் முழுசாக ஓடியது. நடுவில் ஒரு தடவைதான் நின்றது, பாய் எழுந்து டீ போடப் போனபோது. நிறுத்தினவள் சித்திகா. ரிமோட் அவள் கையில்தான் இருந்தது.