பொம்மைக் காருக்கு ஒரு பாடு

போன ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்த ஒரு மனிதரைச் சட்டம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. இடைப்பருவத் தேர்வுப் பேப்பர் கட்டு மேஜை மேல் அப்படியே கிடக்கிறது. கணக்கு டீச்சருக்குக் களைப்பு என்ன புதுசா என்பீர்கள். புதுசில்லை. ஆனால் இது தூங்கி எழுந்தால் போகிற களைப்பாக இல்லை.

என் கிறுக்கு, வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — இருபத்துநாலு மணி நேரம் ஓடுகிற கார் ரேஸ். ஒரே கார், மூன்று டிரைவர்கள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அந்தக் கார்களை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து விற்கிறார்கள். உள்ளங்கை அளவில் என்னிடம் பதினொன்று இருக்கின்றன. பெரிய சைஸ் நீலக் கார் ஒன்று உண்டு. கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், மூடியைத் தூக்கினால் இன்ஜின் வயர்கூடத் தெரியும். அது மட்டும் எனக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம்.

நான் ஒருத்தி. பழவேற்காடு பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ரஷீத் பாய் ஒருவர். லைட்ஹவுஸ் குப்பத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் ஏழுமலை ஒருவர்.

சரி, ஒரு காரை மூன்று வீட்டில் எப்படி வைப்பது?

"ஏரியில இன்னா பண்றோம் டீச்சர்? பாடு வெச்சிக்கலாம்" என்றார் ஏழுமலை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை போட்டால் வெட்டு குத்துதான். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு அன்றைக்கு அந்த இடம் உனக்கு.

டம்ளரில் மூன்று சீட்டு போட்டுக் குலுக்கினோம். தமிழ் மாசம் பிறந்தால் கார் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். "பாடு தவறினா போச்சு. அப்பால கேக்கக் கூடாது. இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க" — இந்தச் சட்டத்தையும் போட்டவர் ஏழுமலைதான். மூன்று வருஷமாக ஒரு சண்டை கிடையாது.

இந்த ஐப்பசி ஏழுமலையின் பாடு. ஆனால் அவர் மனைவி கஸ்தூரிக்குச் சென்னையில் கர்ப்பப்பை ஆபரேஷன். மாசம் முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தார் மனுஷன். வீடு பூட்டிக் கிடந்ததால், புரட்டாசியில் என் முறைக்கு வந்த கார் என்னிடமே இருந்துவிட்டது. கார்த்திகையும் பிறந்தது. இனி அது ரஷீத் பாயின் பாடு.

அப்போதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழுமலை வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"டீச்சர்... எங்க பாடு போயிடிச்சு, தெரியும். அந்தக் காரை ஒரு வாரம் மட்டும் குடுக்கிறீங்களா?"

கையில் சிவப்புப் பேனா. முப்பத்தெட்டாவது பேப்பர். எரிச்சல் எங்கிருந்து வந்ததோ!

"நீங்க போட்ட சட்டம்தானே ஏழுமலை? பாடு தவறினா போச்சு."

"கரெக்ட்தான் டீச்சர்."

அவ்வளவுதான். போய்விட்டார். உள்ளே வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆனவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றியது, அவர் தெருமுனை திரும்பிய பிறகு.

செவ்வாய்க்கிழமை காரை எடுத்துப் போக ரஷீத் பாய் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஏழுமலைக்கு இல்லைன்னுட்டீங்களாமே டீச்சர்? கேட்டது அவன் இல்ல. அவன் சம்சாரம். ஆஸ்பத்திரியிலயே தினம் கேட்டுச்சாம், காரை யாராச்சும் தொடைக்கிறாங்களான்னு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. என் மாசம் கிடக்குது."

பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டிப் போனேன். கஸ்தூரி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். காரை எடுத்தவள் முகப்பைப் பார்க்கவில்லை, கதவைத் திறந்து பார்க்கவில்லை. நேராகக் கவிழ்த்தாள்.

"இன்னா டீச்சர், அச்சுல துரு ஏறிக்கீது? உப்புக்காத்துல சும்மாவா வெச்சிருந்தீங்க? பெட்டிக்குள்ள அரிசி முடிச்சு போடலியா?"

எந்த அரிசி? எந்த முடிச்சு? விசாரித்தால், கார் குப்பத்துக்கு வரும்போதெல்லாம் இவள்தான் ஈரம் வாங்க ஒரு துணியில் அரிசி முடிந்து பெட்டியில் போட்டு, வாரம் ஒருதரம் மாற்றி, பஞ்சில் மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்திருக்கிறாள். ஏழுமலை வீட்டிலிருந்து கார் எப்போதும் பளபளவென்று வரும். 'மெக்கானிக் கை அல்லவா' என்று இதே பக்கத்தில் நான் ஒரு தடவை புளகாங்கிதப்பட்டு எழுதியிருக்கிறேன். வெட்கம்!

"தப்புதான் கஸ்தூரி. பாடு தவறிப்போச்சுன்னு நான்தான்..."

அவள் சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வெக்காதீங்க டீச்சர், தையல் இழுக்குது. பாடு தவறினது அவருக்கு. எனக்கு எப்ப சீட்டு போட்டீங்க?"

ஏழுமலை வாசலில் நின்று தரையைப் பார்த்தார். நான் எதைப் பார்ப்பது?

ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது. அது அநியாயம் என்று மகளிர் தின மேடையில் இரண்டு வருஷம் தொண்டை கிழியப் பேசியவள் நான். என் கையிலேயே டம்ளர் இருந்தபோது இவள் ஞாபகம் வரவில்லையே. ஏழுமலை வீட்டுக்கு ஒரு சீட்டு, அதில் ஏழுமலை பேர்... எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்!

"நாலு சீட்டாப் போட்டுடுவோம்" என்றேன்.

"ரேஸ்ல மூணு டிரைவர்தானே டீச்சர்?" என்று ஏழுமலை மெதுவாக இழுத்தார்.

"ஓட்டுறவங்கதான் மூணு பேரு" என்றாள் கஸ்தூரி, துருவைச் சுரண்டிக்கொண்டே. "வண்டியைத் தொடைக்க ஆள் வேணாமா?"

அங்கேயே பேப்பர் கிழித்து நான்கு பேருடைய பெயரையும் எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். முதல் பாட்டுக்கான சீட்டை நான்தான் எடுத்தேன். பிரித்தால் என் பேர்.

"கஸ்தூரி" என்று படித்துவிட்டுச் சீட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முப்பது வருஷ சர்வீஸில், கூசாமல் தப்பாகத் திருத்திய ஒரே பேப்பர் அதுதான்.