குத்தம்பாக்கத்துக்காரிக்குப் போட்ட புது ஊசி

சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த மயக்க மருந்து டாக்டர் புது ஊசி மருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் போட்டால் தசையெல்லாம் தளர்ந்துவிடும். மயக்கம் தரும் ஈதரைக் கொஞ்சம் கொடுத்தாலே போதும், வயிறு பஞ்சாகக் கிடக்கும் என்றார். ஆனால் மூச்சும் நின்றுவிடும். ரப்பர் பையை அழுத்தி மூச்சு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மூன்றாவதாக அந்த ஊசியைப் போட்டது குத்தம்பாக்கத்துப் பெண் ஒருத்திக்கு. நடவு வேலை செய்கிறவள். முப்பது வயதிருக்கும், குழந்தை இல்லை, கர்ப்பப்பையில் கட்டி. புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கைநாட்டு வாங்கிய நானும் சொல்லவில்லை.

வயிற்றைத் திறந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. துடைத்தேன். மறுபடியும் வழிந்தது.

"டாக்டர், இவங்க அழறாங்க."

"ஈதர் பட்டு எரியுதும்மா. நீ பையை விடாதே," என்றார்.

அறுவை செய்துகொண்டிருந்த பெரிய டாக்டர் நிமிராமலே சொன்னார்: "கர்ப்பப்பையை எடுத்துட வேண்டியதுதான். பாவம், இனிமே புள்ளை கிடையாது."

மறுநாள் வார்டில் அவள் உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனுக்கு இனிமே புள்ள இல்லியாமே, மெய்யாம்மா?"

"யார் சொன்னது?"

"அந்த டாக்டருதான். பாவம்னாரு. நான் முழிச்சிகினுதாம்மா இருந்தேன். அறுக்கறது, இழுக்கறது அல்லாம் தெரிஞ்சிது. கத்தலாம்னு பாத்தா நாக்குகூட அசையல. நான் செத்துட்டேன்னே நெனச்சிகினேன்."

மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன். கனவு கண்டிருப்பாள் என்றார்.

"பெரிய டாக்டர் சொன்ன வார்த்தை கனவுல எப்படி சார் வரும்?"

அவர் அடுத்த நோயாளியிலிருந்து ஈதரைக் கூட்டிக் கொடுத்தார். ஆனால் அவளைப் பார்க்க வார்டுக்கு வரவே இல்லை.

நான்தான் போய்ச் சொன்னேன். "நீ சொன்னது நெஜம்தான். நீ அழுததை நான் பார்த்தேன்."

"பாத்தியா?" என்றாள். "பாத்துகினுதான் இருந்தியா?"

அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. பத்தாம் நாள் அவள் புருஷன் மாட்டுவண்டி கொண்டுவந்தான். நான் நீட்டிய கையைத் தொடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள்.