திருவாதிரைக்கு ஒரு ஊசி

என்னைப் பெரிய பக்தை என்று கடலூர் முதுநகரில் ஒரு தெருவே நம்பிக்கொண்டிருந்தது. மாதாமாதம் திருவாதிரை நட்சத்திரத்தன்று காலையில் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவேன். எதிர்வீட்டு அக்கா ஒரு முழம் கனகாம்பரத்தைக் கொடுத்து நடராஜர் பாதத்தில் வைக்கச் சொல்வாள். மகனுக்கு வேலை கிடைக்கணும், மகளுக்கு வரன் அமையணும் என்று ஆளுக்கொரு கோரிக்கை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய், கோயில் கோபுரம் தெரிகிற ஓர் இருதய கிளினிக்கில் குப்புறப் படுத்து இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வருவேன். கனகாம்பரம் கைப்பையிலேயே வாடிக் கிடக்கும். தெருவுக்கு விநியோகித்த விபூதி, சிதம்பரத்திலேயே இருக்கிற எங்கள் அம்மா வீட்டு டப்பாவிலிருந்து எடுத்தது. இதுதான் என் பக்தியின் லட்சணம்.

சிறுவயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீக்கம் கொஞ்ச நாளில் வடிந்துவிட்டது. ஆனால் போகிற போக்கில் அது இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. அந்தக் காய்ச்சல் மறுபடி வந்தால் வால்வு இன்னும் மோசமாகும், உயிருக்கே ஆபத்து, வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கல்யாண வயது வந்தபோதுதான் வினை. வந்த இரண்டு வரன்களும் இருதயம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர்களிடம் அம்மா வாயே திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று நிச்சயதார்த்தத்தன்றே சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவைத்தாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் மாதாமாதம் திருவாதிரைக்கு நடராஜரை நான் வந்து பார்ப்பதாக வேண்டுதல். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். சாமி காரியத்தை யாரும் தடுக்கவும் மாட்டார்கள், துருவித் துருவிக் கேட்கவும் மாட்டார்கள். திருவாதிரை இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வருவது, ஊசியோ மூன்று வாரத்துக்கு ஒன்று, எப்படி ஒத்துவரும் என்று கேட்டேன். "நாலஞ்சு நாள் முன்னப்பின்ன ஆனா ஊசி என்னா கோவிச்சிக்குமா?" என்றாள். ஒவ்வொரு முறையும் டாக்டர் சீட்டைப் பார்த்து ஏன் தாமதம் என்பார். பஸ் கிடைக்கவில்லை என்பேன். ஒரு வாரமாகவா கிடைக்கவில்லை என்பார். நான் அசடு வழிந்துவிட்டு வருவேன்.

2006இல் கல்யாணம் ஆனது. என் கணவர் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். வீட்டில் அவர், மாமியார், நான், மூன்றே பேர். மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அந்த பாக்கியமும் இல்லை. ஊசி போட்ட அன்று ஒரு பக்க இடுப்பு கல்லாகிவிடும். நொண்டி நொண்டி வீடு வந்து சேர்வேன். பிரகாரம் சுற்றிச் சுற்றித்தான் கால் வலிக்கிறது என்று மாமியாரே முடிவுகட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்து என் காலடியில் உட்கார்ந்துவிடுவார். வேண்டாம் அத்தை என்று காலை இழுப்பேன்.

"சாமிக்காக நடந்த காலும்மா. நான் தொட்டா எனக்கும் புண்ணியந்தான்" என்பார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முன்கையில் கொஞ்சமாக ஏற்றி அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவார் நர்ஸ். அதை எச்சில் தொட்டுத் தேய்த்து அழித்த பிறகுதான் திரும்பி வர பஸ் ஏறுவேன். அழிந்த இடம் சிவந்து கிடக்கும். கொசு கடித்ததா என்று கேட்டு அதற்கும் எண்ணெய் தடவிவிடுவார். அன்று ராத்திரியெல்லாம் அம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்ப்பேன். விடிந்ததும் வாயை மூடிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம்.

இரண்டாவது வருஷம் ஆடியில் எல்லாம் குளறுபடியானது. திருவாதிரையன்று நான் வீட்டுக்குத் தூரம். மாதவிலக்கு நாளில் கோயிலுக்குப் போவதாவது? மாமியார் எனக்குத் தனித்தட்டும் பாயும் எடுத்துவைத்துவிட்டு, "இந்த மாசம் போவாதம்மா. சாமி ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்றார். சரி, ஒரு மாதம்தானே என்று விட்டேன். ஆனால் என் உடம்பின் கணக்கும் ஏறக்குறைய அந்த நட்சத்திரத்தின் கணக்குதான். அடுத்த மாதமும் இரண்டும் சேர்ந்தே வந்தன. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அத்தனை சாமர்த்தியமாகப் பொய் கட்டிய என் அம்மாவுக்கு இது தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, அம்மாவை மட்டும் சொல்லி என்ன செய்ய.

வேறொரு நாளில் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று மாமியாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சிதம்பரம் வரைக்கும் போய்விட்டு வேண்டுதலை முடிக்காமல் திரும்பலாமா, அடுத்த திருவாதிரைக்குச் சேர்த்தே போய்வா என்றார். அதற்குமேல் வற்புறுத்தினால் சந்தேகம் வருமே என்று விட்டுவிட்டேன். கடலூரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றால், எந்த கிளினிக்கில் நுழைந்தாலும் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்கு போன் செய்தேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

ஐப்பசி மழையில் தொண்டை வலித்தது. பிறகு காய்ச்சல். பிறகு முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கிடந்தேன். எனக்குத் தெரியும் அது என்ன என்று. மாமியாருக்கும் தெரியும், அவர் வழியில்.

"போறவளப் போவாதன்னு நான்தான் தடுத்தேன். சாமி குத்தம் ஆயிடுச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சோறு தண்ணியை விட்டார். கடலூர் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகலாம் என்று என் கணவர் சொன்னதற்கு, முதலில் சிதம்பரம், சன்னதியில் நிறுத்திக் கும்பிட்ட பிறகுதான் டாக்டர் என்று ஒற்றைக் காலில் நின்றார். நானும் சிதம்பரமே போகலாம் என்றேன். எனக்கு அங்கே வேண்டியது சன்னதி இல்லை. அவருடைய பக்தியை ஒரு வண்டி மாதிரி வாடகைக்கு எடுத்துக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

ஒரு காரில் போனோம். கீழவீதி வந்ததும் எங்கே நிறுத்துவது என்று டிரைவர் கேட்டார். திக்கித் திணறி, கோயில் வேண்டாம், நேராகப் போய் லெஃப்டில் திரும்புங்கள், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் கிளினிக் என்று சொன்னேன். காய்ச்சலில் எனக்கு வழி தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மாமியார், பாவம்.

"கோயிலு இந்தப் பக்கம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றேன்.

இருதய கிளினிக்கை மாடியில் கொண்டுபோய் வைத்த மகராசன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து என் கணவரும் டிரைவரும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளறையிலிருந்து வந்ததுமே நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டார். எங்கே போய்விட்டாய், நான்கு மாதமாக ஊசிக்கு ஆளைக் காணோமே என்று சத்தம் போட்டார். கணவர் அப்போது நாற்காலியை வைத்துவிட்டு டிரைவருக்கு வாடகை கொடுக்கக் கீழே போயிருந்தார். மாமியார் பக்கத்திலேயே நின்றார். இந்தப் பெண் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து இங்கே வருகிறாள் என்று நர்ஸ் அவரிடம் விளக்கம் வேறு சொன்னார். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். திரும்பி வந்த கணவரை மருந்துச் சீட்டோடு மறுபடி கீழே அனுப்பினார்கள்.

டாக்டர் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். சின்ன வயதுக் காய்ச்சல், வால்வு, ஊசி, எல்லாமே. நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதோ வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஏமாத்துக்காரி என்று காறித் துப்பட்டும், என்னை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும், அதோடு இந்தக் கூச்சமாவது ஒழியும் என்றுகூட இருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த நாலு மாசம் ஊசி தவறுனதாலதான் இப்புடி ஆச்சா சார்?"

"வேற எதுனால? இத்தினி வருஷமா போட்டுக்கிட்டிருந்த ஊசி. யாரும்மா நிறுத்துனது?"

மாமியார் எழுந்து நின்றார். "நான்தான் சார். நான்தான் போவாதன்னு சொன்னேன்."

டாக்டர் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். மருமகள் உயிர் என்றால் இளப்பமா, உங்கள் மகளாக இருந்தால் இப்படி நிறுத்துவீர்களா என்று கேட்டார். நர்ஸும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டார். மருந்துப் பையோடு மேலே வந்த என் கணவர், அம்மா திட்டு வாங்குவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஊசி என்று எனக்கு ஒன்றும் தெரியாது, கோயில் என்றுதான் சொன்னார்கள் என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினால் பேச எனக்கு மூச்சு இருந்தது. வாசலில் நிற்கிற கணவரைப் பார்த்தேன். மாஸ்க்கை மூக்கோடு இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டேன்.