மங்கிய செல்கள்

என் அக்கா பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் இறால் பிடிப்பவள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு உப்புநீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவி வெறுங்கையால் பிடிப்பாள். நான் பொன்னேரியில் கல்லூரி முடிக்கிற வருடம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வலிப்பு விடவேயில்லை. நைனாவும் நானும் அவளைப் படகில் கிடத்திப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் சென்னைக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றாள். நைனா வெளியே போய் அழுதார். சொற்களும் முகங்களும் மெல்ல மெல்லத்தான் திரும்பின. ஒரு காலை இட்லியைத் தள்ளிவிட்டு, "நண்டு இல்லியா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது.

அவள் தலைக்குள் என்ன நடந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மூளையில நரம்பு செல் மட்டும் இல்லம்மா. அதுங்களத் தாங்குற துணைச் செல்லுங்களும் இருக்கு. அழற்சி வந்தா அதுங்களும் மாறும்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. மேலே படித்து, இன்று அந்தத் துணைச் செல்களோடுதான் வேலை செய்கிறேன்.

முதல்முறை நுண்ணோக்கியில் கண்டதை மறக்க முடியாது. தட்டில் எலி மூளையின் துணைச் செல்கள், நட்சத்திரம் போல் கைவிரித்தவை. ஒளிரும் சாயம் ஏற்றியிருந்தோம். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை ஒரு துளி விட்டதும் ஒரு செல் மின்னியது, அடுத்தது மின்னியது, தட்டு முழுக்க ஒளி ஓடியது. பக்கத்துத் தட்டில் முந்தின நாளே அழற்சிப் புரதம் சேர்த்திருந்தோம். அதே துளி. லேசாகத்தான் மினுங்கியது. செல்கள் சாகவில்லை, குளுட்டமேட்டை உணரும் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டிருந்தன. அழற்சி என்று ஒரு சேதி வந்ததற்கே இத்தனை மாற்றமா என்று மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

"செல்லு தன்னக் காப்பாத்திக்கவா, சார்? இல்ல கெட்டுப்போச்சா?"

"முழுசாத் தெரியலம்மா," என்றார் பேராசிரியர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், போனில் எடுத்துவந்த அந்த இரண்டு தட்டுகளின் வீடியோவைக் காட்டினேன். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இப்படி மின்னுது?"

"எலியோட மூளை செல்லுக்கா. காய்ச்சல் மாரி ஒண்ணு வந்தா இப்படி மங்கிடுது."

"என் தலயிலயும் இப்படித்தான் ஆச்சா?"

"இருக்கலாம். இதேதான்னு சொல்ல முடியாது."

போனிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பால எப்டிடி உன்ன மறுபடி அடையாளம் தெரிஞ்சிது எனக்கு?"

அவள் நெற்றியைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "இரு, இன்னொரு தபா பாக்கறேன்," என்று போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.