அக்காவின் ஃபிற்றோன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து என் நீச்சல் சான்றிதழ் இறக்கப்பட்டது. அந்த இடத்தில் அக்காவின் இரண்டு கடிதங்கள் ஏறின. அமெரிக்காவில் இரண்டு சின்னக் கல்லூரிகள். கேட்கிறவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்புகிற அந்த இரண்டுமே அக்காவை வா வா என்று கூப்பிட்டன, செலவையும் தாங்களே பார்ப்பதாகச் சொல்லின. வேறு யாருடைய அக்காவாகவாவது இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். சொந்த அக்கா என்பதால் வயிறு எரிந்தது.

அங்கே என்ன படிப்பது என்பதுதான் அப்பாவுக்குச் சிக்கல். டொக்டருமில்லை, எஞ்சினியருமில்லை, லிபரல் ஆர்ட்ஸ் என்றாள் அக்கா. நகரத்தின் மறுபக்கம் வெக்ஸ்போர்ட்டில் இருந்த மாமி போன் எடுத்து, "ஆர்ட்ஸ் எண்டால் படம் கீறுறதோ?" என்று கேட்டா. இல்லை, எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறது என்றார் அப்பா. "அப்ப ஒண்டையும் முழுசாப் படிக்கிறேல்லையோ?" என்றா மாமி. எனக்கு மாமியை அன்று மிகவும் பிடித்துப்போனது.

இரண்டில் எதை எடுப்பது என்பதே வீட்டுப் பேச்சானது. "ரெண்டும் நல்ல கொலிஜ்தான் அப்பா. எனக்கு எது ஃபிற் எண்டு போய் நிண்டு பாத்தால்தான் தெரியும்" என்றாள் அக்கா. புதுச்சட்டையைப் போட்டு அளவு பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஃபிற்றோன் என்றுதான் பெயர். அம்மா சட்டென்று, "கொலிஜை ஆரும் ஃபிற்றோன் பண்ணிப் பாக்கிறவையோ?" என்றா. கலியாணத்துக்கே சாத்திரியார் அரை மணித்தியாலத்தில் பொருத்தம் பார்த்துத் தந்துவிடுவார் என்று முணுமுணுத்தபடி, அப்பா லீவு போட்டுவிட்டு வானுக்குப் பெற்றோல் அடித்தார். என் நீச்சல் போட்டிகளுக்கு அவருக்கு ஒருநாளும் லீவு கிடைத்ததில்லை.

ஏப்ரல் மாதம் நாங்கள் இருந்த ரூஜிலிருந்து விடியவே வெளிக்கிட்டோம். அமெரிக்க எல்லை தாண்டும்வரை அக்கா முன்சீற்றில் மகாராணி மாதிரி இருந்தாள். நான் பின்னால், அம்மாவின் மீன் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

முதலாவது கல்லூரி ஒரு மலைமேல் இருந்தது. பாதையெல்லாம் குழி, கட்டடங்களில் பெயின்ற் உரிந்திருந்தது, எங்களைக் கூட்டிப்போக வந்த பெண்ணின் தலைமயிர் பச்சை. அவள் எங்களைச் சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்துப்போய் அக்காவை மட்டும் தன் சிநேகிதர்களின் மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மீனுக்கு வலி தெரியுமா என்று அங்கே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா ரோல்ஸ் பெட்டியைக் கதிரைக்குக் கீழே தள்ளினா.

வீட்டில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் பேசுகிற அக்கா அந்த மேசையில் கையால் தட்டித் தட்டிப் பேசினாள். ஒருவன் சொன்னதை, இல்லையில்லை என்று மறித்தாள். பிறகு தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை அடைத்திருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரவில் ஒரே அறையில் படுக்கிற என்னிடம் ஒருநாளும் காட்டாத சிரிப்பை, வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாத இடத்தில் யாரோ பச்சை மயிர்க்காரிக்குக் கொடுத்துவிட்டாள். நான் போய் அவள் சட்டையைப் பிடித்து, வீட்டை போவம் என்றேன். "ஒரு நிமிசம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. அதுவரை அக்காமேல் இருந்த பொறாமை அந்த இடத்தில் அந்த மேசைக்கு மாறியது.

இரண்டாவது கல்லூரி ஏரிக்கரையில். கருங்கல் கட்டடங்கள், வெட்டிவிட்ட புல், வாசலிலேயே காத்திருந்த ஒரு பெரிய அதிகாரி. அவர் எங்கள் நீளமான குடும்பப் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார், அப்பாவுக்கு ஒரு தொப்பி கொடுத்தார், அம்மாவுக்குச் சோறு தேடி எடுப்பித்தார். எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. வானிலிருந்து இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள், மாலைவரை விடவேயில்லை. நூலகத்துக்குள்ளும் பிடித்திருந்தாள். மற்ற மாணவர்கள் வந்து ஏதாவது கேட்டால் ஓம், இல்லை என்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உனக்குக் குளிருதோ?" என்று கேட்டாள். ஏரிக்காற்று பல்லைக் கிட்ட வைத்தது, ஆனாலும் அவளுடைய கை வியர்த்துப் பிசுபிசுத்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அக்காவுக்குப் பொருத்தமான கொலிஜ் இதுதான், ஏனென்றால் இங்கேதான் அவள் என்னுடையவள்.

திரும்பி வரும்போது அப்பா தொப்பியைக் கழற்றவில்லை. ஏரிக் கொலிஜ்தான் என்று அவரும் அம்மாவும் நாலுநூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறும் முன்னரே முடிவெடுத்துவிட்டார்கள். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த கிழமை சாப்பிடும்போது சொன்னாள். "நான் மலைக்குத்தான் போறன்."

"அங்கை என்ன கிடக்கு?" என்றார் அப்பா. "றோட்டைக்கூட ஒழுங்காப் போடேல்லை."

"எனக்கு அதுதான் ஃபிற், அப்பா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்லுறாய்! ஏரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு சந்தோசமா இருந்தனீ!" என்று கத்தினேன்.

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "சந்தோசமோ?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தன் பொரித்த கத்தரிக்காயை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. அவள் போன பிறகும், ஏரிப்பக்கம் போகாமல் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கன காலம் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முதல்நாள் சாப்பாட்டு மண்டப வாசலில் நின்றேன். எல்லாரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். ஒருவர் என் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னார். என் உள்ளங்கை வியர்த்தது. பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் போதும், யாருடையதானாலும் சரி என்றிருந்தது. அப்போதுதான் தெரிந்தது. அன்று ஏரிக்கரையில் அக்கா பிடித்தது பக்கத்தில் கிடைத்த ஒரு கையை. அது என்னுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.