செம்பருத்தி, குரங்கு, பிரபாவதி

பிரபாவதியின் கணவர் சுப்புராமன், அணு ஆராய்ச்சி மையத்தில் முப்பத்தைந்து வருடம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றார். மறுநாள் காலையே அடுப்படிக்கு மாற்றலாகி வந்துவிட்டார்.

"கடுகு எதுக்கு இவ்ளோ? பாதி போதுமே. தீயைக் குறை, பிரபா."

திருப்போரூரில் ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில், காலை ஆறு மணிக்குத் தனியாக நின்று பாட்டு முணுமுணுத்தபடி சமைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அதிலும் மண் விழுந்தது. வாய்விட்டுச் சொன்னால் மனுஷன் முகம் சுண்டிப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காப்பாற்றியது ஒரு குரங்கு. குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பிய்த்தெறியும் என்பார்கள். இந்தக் குட்டைக் குரங்குக்குப் பழமொழியெல்லாம் தெரியாது. விடிந்ததும் வந்து, வாசல் செம்பருத்தியில் பூத்ததை ஓர் இதழ் வீணாக்காமல் தின்றது. சுப்புராமனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாற்காலி, நோட்டு, கடிகாரத்தோடு ஐந்தரைக்கே வெளியே போய் உட்கார்ந்தார். நோட்டில் இரண்டு பத்தி. செடி: வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும். குரங்கு: விரட்டினால் மறுபடி வரும். செடி: பூவின் ஆயுள் ஒரு நாள். குரங்கு: பயத்தின் ஆயுள் ஒரு நிமிடம்.

"இன்னா சார், கொரங்க பாத்துகினு பரிச்ச எழுதுறீங்களா?" என்றாள் பாத்திரம் தேய்க்க வந்த எல்லம்மாள். உள்ளே பிரபாவதி கடுகை அள்ளிப் போட்டாள். நிம்மதியென்றால் அப்படியொரு நிம்மதி.

மூன்று வாரம் கழித்து அவர் மாமல்லபுரம் போய் மீன் வலை வாங்கிவந்து செடியை மூடினார். குரங்கு வந்தது, வலையை இழுத்துப் பார்த்தது, போய்விட்டது. ஆறு மணிக்கு அவர் ஜெயித்த முகத்தோடு அடுப்படியில் நின்றார்.

"ரசத்துக்குத் தண்ணி ஜாஸ்தி."

அன்று மாலை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, பிரபாவதி சமையலறைக் கத்தரிக்கோலால் வலையில் ஒரு குரங்கு நுழையும் அளவுக்கு வெட்டினாள். பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் செடியில் ஒரு பூ மிச்சமில்லை. அவரும் நாற்காலிக்குத் திரும்பினார்.

இரண்டு நாள் ஆனது. மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. மூன்றாவதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. 'பிரபா: வலையில் வெட்டு நேராக இருக்கிறது. பல்லால் கடித்திருந்தால் பிசிறியிருக்கும். கத்தரிக்கோலில் நைலான் துணுக்கு.' அவள் சட்டென்று நோட்டை மூடினாள். நிமிர்ந்தால், எதிரே அவரே நிற்கிறார்.

"அடுப்படிக்கு வராதீங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அளவில் பொய் சொல்லாத மனிதர். கொஞ்சம் யோசித்தார்.

"மாட்டேன்," என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார். "ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டிடு, பிரபா. இப்ப அது குட்டியோட வருது."